மழை குறைந்தாலும் விளையும் ரகம் எது? நம் காட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கொஞ்சம் கரிசல், கொஞ்சம் செவல். அப்பா காலத்திலிருந்து நாட்டுச் சோளம்தான். இப்போது விதைக்கடையில் ஒரு ரகம் சொல்கிறார்கள், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேறு ரகம் சொல்கிறார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் இன்னொன்றைப் போட்டு ஏக்கருக்குப் பதினைந்து மூட்டை கண்டதாகச் சொல்கிறார். மழை குறைந்தாலும் விளையும் ரகம் எது? யார் சொல்வதை நம்ப?"

தம்பி, மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பதினைந்து மூட்டை எந்த வருடம் வந்தது, அந்த வருடம் மழை எப்போது நின்றது, பயிர் எந்தத் தேதியில் பூத்தது என்ற மூன்று விவரமும் இல்லாமல் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மானாவாரியில் மகசூல் என்பது ரகத்தின் குணம் மட்டும் அல்ல. ரகமும் அந்த வருடத்து மழையும் சந்தித்த இடம்தான் மகசூல். அதனால் ஒரு ரகத்தின் பெயரைச் சொல்லி முடிக்காமல், ரகங்களை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். இந்த வேலையிலேயே என் காலம் கழிந்திருக்கிறது. பொறுமையாகச் செய்தால் பத்துப் பன்னிரண்டு சென்ட் இடம் போதும்.

முதலில் மழைக் கணக்கு. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போய்விட்டாலும், மானாவாரியைப் பொறுத்தவரை இது இன்றும் பழைய திருநெல்வேலிச் சீமைதான். மலையடிவாரத்துக்குத் தென்மேற்கு மழை உண்டு, தாமிரபரணிப் பாசனம் உண்டு. கிழக்கே வர வர வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்ப வேண்டும். கோவில்பட்டியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் முடிந்துவிடும். புரட்டாசியில் புழுதியில் விதைக்கிறோம், மழை விழுந்ததும் முளைக்கிறது. அதற்குப் பிறகு பயிரின் பின்பாதி முழுவதும் மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தில்தான் ஓடுகிறது. கதிர் வரும்போதும் மணி பால் பிடிக்கும்போதும் வானத்திலிருந்து ஒன்றும் வராமல் போகலாம். நம் வறட்சியின் முகம் இதுதான்: பெரும்பாலும் கடைசியில் வரும் வறட்சி. முளைத்த பிறகு நடுவில் இருபது நாள் மழை விட்டுப்போவதும் உண்டு, செவலில் அது கடுமையாக அடிக்கும். ஆனால் கரிசலில் பயிரை அதிகம் கொல்வது கடைசி வறட்சி.

இதைத் தேதியோடு பார்த்தால் தெளிவாகப் புரியும். சோளம் அக்டோபர் 10-ல் முளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கே 8 ஏறத்தாழ 85 நாள் ரகம். டிசம்பர் முதல் வாரத்தில் பூத்து, பொங்கலுக்கு முன்பே முற்றிவிடும். கே 12 ஏறத்தாழ 95 நாள். கோயம்புத்தூரின் கோ 32 போன்றவை 105 நாளைத் தாண்டும், டிசம்பர் மூன்றாம் வாரம்தான் பூக்கும். மழை மார்கழி வரை நீண்டால் நீள வயது ரகம் ஜெயிக்கும். நாள் கூடுதலாக இருப்பதால் இலையும் கூடுதல், கதிரும் பெரிது. அதே மழை நவம்பர் நடுவில் நின்றுவிட்டால், அந்த ரகம் பூக்கும்போது காடு வெடித்துக் கிடக்கும். குறுகிய வயது ரகம் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியானால் குறுகிய வயதே எப்போதும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. சீக்கிரம் முற்றும் ரகத்தின் கதிர் முற்றும் நேரத்தில் அடைமழை பிடித்தால் மணியில் பூஞ்சணம் பிடித்து, கருத்து, இளஞ்சிவப்பாகிக் கெட்டுப்போகும். எடை வரும், ஆனால் வாங்க ஆள் வராது. ஆக, பூப்பு முந்தினால் பூஞ்சணம், பிந்தினால் வறட்சி. இடையில் இருக்கும் அந்தச் சில நாள் இடைவெளிதான் உங்கள் காட்டுக்குப் பொருந்தும் ரகத்தைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டுச் சோளங்களில் பல, பகல் சுருங்குவதைப் பார்த்துப் பூப்பவை. பத்து நாள் முன்னே முளைத்தாலும் பின்னே முளைத்தாலும் பூக்கும் தேதி பெரிதாக நகராது. பல தலைமுறை மானாவாரிக்காரர்கள் விதைக்கு நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி வைத்ததில், அந்த இடைவெளியை அவை பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை புது ரகம் பார்த்தாலும் அப்பாவின் நாட்டுச் சோளத்தையும் அதோடு சேர்த்தே போடுங்கள். அது இல்லாமல் ஒப்பிட அளவுகோலே கிடையாது.

சரி, இனி ரகங்களை ஒப்பிடும் சோதனைத் திடல் போடுவது. மகசூல் எடுக்கும் நாளைவிட இடம் பிரிக்கும் நாள்தான் முக்கியம் என்பது என் அனுபவம்.

எல்லோரும் செய்வது என்ன? காட்டின் ஒரு பக்கம் அரை ஏக்கர் பழைய ரகம், மறு பக்கம் அரை ஏக்கர் புது ரகம். முடிவில் எடை போட்டு, எது கூடுதலோ அது நல்லது என்கிறார்கள். இதில் ரகத்தின் வித்தியாசம் எது, மண்ணின் வித்தியாசம் எது என்று பிரிக்கவே முடியாது. உங்கள் காட்டை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். போன வருடம் ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் பயிர் இரண்டு வருடத்துக்குக் கருகருவென்று நிற்கும். சரிவின் கீழ்க்கோடியில் வண்டல் சேர்ந்து ஈரம் பத்து நாள் கூடுதலாகத் தங்கும். மேட்டில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) மேலே வந்து கிடக்கும். வரப்போரத்து உடைமரத்துக்கும் வேம்புக்கும் பக்கத்தில் மூன்று நான்கு பாகத் தூரம் வேர் ஈரத்தை உறிஞ்சிவிடும். வண்டித்தடம் இருந்த இடத்தில் மண் இறுகி வேர் இறங்காது. இத்தனையும் ஒரே ஏக்கருக்குள்! எந்த ரகம் கிடை போட்ட இடத்தில் விழுகிறதோ, அதுதான் அந்த வருடத்துச் சிறந்த ரகமாகத் தெரியும்.

இதற்கு வழி 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் இருந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் சொன்னதுதான். இன்றும் உலகம் முழுக்க எல்லா ஆராய்ச்சி நிலையத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். காட்டைச் சரிவுக்குக் குறுக்காக நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். ஒரு பட்டைக்குள் மண் ஓரளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பட்டைக்குப் பட்டை வேறுபடலாம், பரவாயில்லை. ஒவ்வொரு பட்டையிலும் எல்லா ரகமும் ஒரு தடவை வர வேண்டும். எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பிள்ளைகளை விட்டு எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. நமக்குப் பிடித்த ரகத்தை நல்ல இடத்தில் வைக்க மனசு இழுக்கும், அது நமக்கே தெரியாமல் நடக்கும். சீட்டு அதைத் தடுக்கிறது.

ஐந்து ரகம், நான்கு பட்டை என்றால் இருபது பாத்தி. ஒரு பாத்திக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு வரிசை, 5 மீட்டர் நீளம். பாத்திக்குப் பதின்மூன்றரை சதுர மீட்டர் வரும், நடைபாதையும் சேர்த்து எல்லாம் பத்துப் பன்னிரண்டு சென்டுக்குள் அடங்கும். கரிசலும் செவலும் இரண்டும் வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் தனித்தனியாகத் திடல் போடுங்கள், முடிவையும் தனித்தனியாகவே வையுங்கள். கரிசல் ஆழமாக ஈரம் பிடித்து வைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். செவல் கொடுப்பதைச் சீக்கிரம் கொடுத்து முடித்துவிடும். கரிசலில் முதலாக வந்த ரகம் செவலில் கடைசியாக வருவது சாதாரணம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டு மண்ணுக்கும் பொருந்தாத ஒரு ரகம் உங்கள் கைக்கு வந்து சேரும்.

விதைப்பில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது: எல்லா ரகமும் ஒரே நாளில் விழ வேண்டும். ஒரு ரகத்தின் விதை பத்து நாள் தாமதமாக வந்து சேர்ந்தது என்று பின்னால் விதைத்தால், அந்த ரகம் குருத்து ஈயிடம் மாட்டிக்கொள்ளும். முளைத்து ஒன்றிலிருந்து நான்கு வாரம் வரை உள்ள நாற்றைத்தான் குருத்து ஈ தாக்கும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் அழுகல் நாற்றம் அடிக்கும். முன்னே முளைத்த பயிர் அதற்குள் வயது தாண்டியிருக்கும். கடைசியில் எடை போடும்போது அந்த ரகம் மோசம் என்று எழுதி வைப்போம். உண்மையில் விதைத்த தேதிதான் மோசம்.

விதைக்கும் முன் ஒவ்வொரு ரகத்திலும் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று 90, இன்னொன்று 65 என்றால் விதையளவை அதற்கேற்றபடி கூட்டுங்கள். முளைத்து மூன்று வாரத்துக்குள் நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட்டு, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் இருக்கும்படி செய்யுங்கள். விதைக் கடினப்படுத்துதல் (விதையை ஊறவைத்து, திரும்பக் காயவைத்து விதைப்பது) செய்வதாக இருந்தால் எல்லா ரகத்துக்கும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எதற்கும் வேண்டாம். ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். புழுதி விதைப்பில் 5 சென்டிமீட்டர் ஆழம் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னத் தூறலுக்கு விதை ஏமாந்து முளைத்துக் கருகிவிடக் கூடாது, நின்று பெய்த மழைக்குத்தான் முளைக்க வேண்டும். எல்லா ரகமும் அந்த ஆழத்திலிருந்து மேலே வந்துவிடாது, சிலவற்றின் முளைக்குருத்து கட்டை. எனவே எத்தனை செடி மேலே வந்தது என்பதே முதல் மதிப்பெண்.

முளைத்த பிறகு ஒரு நோட்டும் ஒரு தகர டப்பாவும் போதும். பக்கம் நேராக உள்ள டப்பாவை மரநிழல் படாத வெட்டவெளியில் மட்டமாக வையுங்கள். காலை எட்டரைக்கு உள்ளே ஸ்கேலை நிறுத்தி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தாலுகா ஆபீஸ் மழையளவு உங்கள் காட்டு மழை ஆகாது. நம் பக்கம் ஓடைக்கு இந்தக் கரையில் பெய்த மழை அந்தக் கரையில் பெய்யாது என்பது உங்களுக்கே தெரியும்.

பயிரில் குறிக்க வேண்டியதில் முதலும் முக்கியமும் பூப்புத் தேதி. பாத்தியில் பாதிச் செடி பூத்த நாள். சோளக் கதிர் நுனியிலிருந்து கீழாகப் பூத்து இறங்கும். மஞ்சள் மகரந்தப் பை தொங்குவது கதிரின் பாதி வரை வந்தால் அந்தச் செடி பூத்தது என்று கணக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் போதும். இந்த ஒரு தேதியையும் மழை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கடைசியில் வரும் எடையில் பாதிக்கு விளக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து இலை. மழை விட்டுப் பத்து நாள் ஆனதும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, மறுநாள் விடியற்காலை ஒரு தடவை காட்டுக்குப் போங்கள். மத்தியானம் எல்லாச் சோளமும் இலையைச் சுருட்டும், அதில் தப்பில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி அது. விடிந்தும் எது விரியவில்லை என்று பாருங்கள். ராத்திரியில் வேர் போதிய தண்ணீர் எடுக்க முடியாத ரகம் அது. மண்ணைத் தோண்டாமலே வேரின் ஆழத்தை ஓரளவுக்குச் சொல்லிவிடும் சோதனை இது.

கதிர் வெளிவரும் பருவத்தில் ஒன்று. ஈரம் போதாவிட்டால் கடைசி இலையின் உறையை விட்டுக் கதிர் முழுதாக வெளியே வராது, அடிப்பாதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய பகுதியில் மணி பிடிக்காது. பத்துச் செடியில் எத்தனை கதிர் சிக்கியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பிறகு முற்றும் சமயத்தில் செடிக்கு எத்தனை பச்சை இலை மிச்சம் என்று எண்ணுங்கள். கடைசி வறட்சியிலும் பச்சை விடாத குணத்தைச் சோள ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாகத் துரத்தி வருகிறார்கள். எத்தியோப்பியச் சோளத்திலிருந்து வந்த ஒரு சோள வம்சம் அதற்குப் பேர்போனது. பச்சை இலை மிஞ்சினால் மணி கடைசி வரை நிரம்பும், தட்டையும் (கதிர் அறுத்த பின் மிஞ்சும் தண்டும் இலையும்) மாட்டுக்கு ருசியாக இருக்கும்.

பச்சை விடாத குணத்துக்கு இன்னொரு பெரிய பலன் உண்டு. அது தண்டின் அடியில் இருக்கிறது. அறுவடைக்கு முன் ஒவ்வொரு பாத்தியிலும் சாய்ந்த செடிகளை எண்ணிவிட்டு, இரண்டு மூன்றை அடியோடு எடுத்து அரிவாளால் நெடுகப் பிளந்து பாருங்கள். கணுவுக்குள் சோறு (தண்டின் உள்சதை) கரைந்துபோய், நார் நாராகப் பிரிந்து, அந்த நாரின் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது கரிக்கோல் அழுகல். மண்ணில் எப்போதும் இருக்கும் பூஞ்சணம்தான். ஈரமுள்ள செடியை ஒன்றும் செய்யாது. மேலே சூடு, கீழே ஈரமில்லை, இலையும் காய்ந்துவிட்டது என்றால், கதிரை நிரப்பத் தண்டிலிருக்கும் சத்தைச் செடி உறிஞ்சிவிடும். வெறுமையாகிப்போன அந்தத் தண்டைத்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. கதிர் நல்ல பெரிதாக இருக்கும், ஒரு காற்றுக்கு வரிசை வரிசையாகப் படுத்துவிடும். பெரிய கதிரைப் பார்த்து ரகத்தை எடுக்கிறவர்கள் இந்தத் தண்டைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அறுவடையின்போது பாத்தி முழுவதையும் எடை போடாதீர்கள். ஓரத்து வரிசைக்கு நடைபாதையின் ஈரமும் வெயிலும் கூடக் கிடைக்கும், அல்லது பக்கத்தில் உள்ள உயரமான ரகம் நிழல் கட்டும். இருபுறமும் ஒவ்வொரு வரிசை, இரு கோடியிலும் அரை மீட்டர் விட்டுவிட்டு நடுவில் உள்ள நான்கு வரிசையை மட்டும் எடுங்கள். அது 7.2 சதுர மீட்டர். அதில் 2 கிலோ வந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,120 கிலோ. 100 கிராம் தவறினால் ஏக்கருக்கு 56 கிலோ தவறும், அதனால் நல்ல மின்னணுத் தராசு வேண்டும். ஈரமும் கணக்கில் வர வேண்டும். 18 சதவீத ஈரத்தில் 2 கிலோ என்பது 12 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 1.86 கிலோதான். ஈரமானி இல்லையென்றால் எல்லாப் பையையும் ஒரே களத்தில், எடை இனி மாறவில்லை என்று ஆகும்வரை காயவைத்துவிட்டு நிறுங்கள்.

பறவைக் கணக்கு தனி. எல்லோருக்கும் முன்னால் பால் பிடிக்கும் ரகத்தின் மேல்தான் கிளியும் குருவியும் மயிலும் முதலில் இறங்கும். காடு முழுக்க அந்த ரகம் இருந்தால் சேதம் பரவிப்போகும், திடலில் எல்லாம் ஒரே பாத்தியில் விழும். நடு வரிசைக் கதிர்களுக்காவது பால் பிடிக்கும் முன் காகித உறையோ வலையோ போடுங்கள்.

தட்டையையும் பாத்திவாரியாக நிறுக்க வேண்டும். படப்புக்கு மதிப்பு இருக்கிறது என்பது மட்டும் காரணம் இல்லை. 1970-களில் ஆஸ்திரேலிய அறிஞர் பாசியூரா மகசூலை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: பயிர் எடுத்த தண்ணீர், அந்தத் தண்ணீரைக் கொண்டு உண்டாக்கிய மொத்தப் பொருள், அதில் மணிக்குப் போன பங்கு. தட்டையும் மணியும் இரண்டும் குறைவாக இருந்தால் அந்த ரகம் ஆரம்பத்திலிருந்தே வளரவில்லை, வேர் பற்றவில்லை என்று அர்த்தம். தட்டை நிறைய இருந்து மணி மட்டும் குறைந்தால், முன்பாதியிலேயே ஈரத்தை இலைக்குச் செலவழித்துவிட்டது. இன்னொரு துப்பும் உண்டு: ஆயிரம் மணி எண்ணி நிறுங்கள். மணி சாதாரண எடையில் இருந்து எண்ணிக்கை குறைந்திருந்தால் பூக்கும் முன்பே வறட்சி தாக்கியிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்து மணி சூம்பியிருந்தால் பூத்த பிறகு தாக்கியிருக்கிறது. மழை நோட்டோடு ஒத்துப் பாருங்கள், பொருந்தும்.

எடை கைக்கு வந்ததும், பட்டைக்குள்ளேயே ஒப்பிடுங்கள். முதல் பட்டையில் புது ரகம் நாட்டுச் சோளத்தைவிட எவ்வளவு கூடுதல், இரண்டாம் பட்டையில் எவ்வளவு என்று நான்கு வித்தியாசம் வரும். நான்கிலும் புது ரகமே முந்தியிருந்தால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு கொடுக்கலாம். இரண்டும் உண்மையில் சமமாக இருந்தும் தற்செயலாக அப்படி அமைய பதினாறில் ஒரு வாய்ப்புதான். இரண்டு பட்டையில் முந்தி இரண்டில் பிந்தியிருந்தால், சராசரி எவ்வளவு கூடுதலாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு வருடத்துக் கணக்கு அந்த வருடத்து மழைக்கு மட்டும்தான் பேசும். குறைந்தது மூன்று வருடம் போடுங்கள். அதில் ஒன்று நல்ல வருடம், ஒன்று பொய்த்த வருடம் அமைந்தால் விஷயம் விளங்கும். கணக்குக்காக மூன்று ரகம் எடுத்துக்கொள்வோம். முதல் ரகம் நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 1,400 கிலோ, வறண்ட வருடத்தில் 250. இரண்டாவது 1,050, வறண்டால் 500. மூன்றாவது 400, வறண்டால் 300. சராசரியைப் பார்த்தால் முதல் ரகம் 825, இரண்டாவது 775. முதலாவதுதான் சிறந்தது என்று தோன்றும். எவ்வளவு இழந்தது என்று பார்த்தால் முதலாவது 82 சதவீதம், இரண்டாவது 52, மூன்றாவது 25. 1978-ல் ஃபிஷரும் மாரரும் (இந்த ஃபிஷர் வேறு ஆள்) கொண்டுவந்த குறியீடு இந்த இழப்பை வைத்து ரகங்களை வரிசைப்படுத்துவதுதான். அதன்படி மூன்றாவது ரகம் முதலிடம் வாங்கும். ஏக்கருக்கு 400 கிலோவை வைத்துக்கொண்டு யார் பிழைப்பது? எதையும் இழக்காத ரகம் சில சமயம் எதையும் விளைவிக்காத ரகமாக இருக்கும். அதனால் 1992-ல் ஃபெர்னாண்டஸ் என்ற ஆய்வாளர் காட்டிய வழி எனக்குப் பிடிக்கும்: இரண்டு மகசூலையும் பெருக்கிப் பாருங்கள். முதலாவது மூன்றரை லட்சம், இரண்டாவது ஐந்தேகால் லட்சம், மூன்றாவது ஒன்றேகால் லட்சத்துக்கும் கீழே. நல்ல வருடத்திலும் கை கொடுத்து, கெட்ட வருடத்திலும் விதைக்கும் கூழுக்கும் மிச்சம் வைக்கும் ரகம் இந்தக் கணக்கில்தான் மேலே வரும். உழவு, விதை, களையெடுப்பு எல்லாம் கடன் வாங்கிச் செய்கிறவருக்கு அந்த 500-க்கும் 250-க்கும் நடுவில்தான் அடுத்த வருடம் காடு உழுவதா, சென்னைக்கோ திருப்பூருக்கோ போவதா என்பது இருக்கிறது.

உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இதே முறைதான். அவை 65 முதல் 75 நாளில் முடிவதால் கடைசி வறட்சி அவ்வளவாகப் பிடிக்காது. மழை இடைவெளியில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோய் வருகிறதா, காய் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுகிறதா, முற்றிய காய் வெடித்துச் சிதறுகிறதா என்று பாருங்கள். வம்பன் ஆராய்ச்சி நிலைய ரகங்களோடு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி ரகத்தையும் சேர்த்துப் போடுங்கள். குதிரைவாலியும் மறக்க வேண்டாம், விளாத்திகுளம் பக்கம் அது இன்னும் மானாவாரியைத் தாங்கி நிற்கிறது. மக்காச்சோளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு விலை கிடைக்கிறது என்று நம் கரிசல் பாதி அதற்கு மாறிவிட்டது. பூக்கும் வாரத்தில் ஈரம் இல்லாவிட்டால் மக்காச்சோளத்தின் பட்டுநூல் வருவதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும், கதிர் பல்லுப்போன மாதிரி நிற்கும். 2018-லிருந்து படைப்புழு வேறு. சோளத்தோடு ஒப்பிடும்போது அதன் மருந்துச் செலவையும் கழித்துப் பாருங்கள்.

எடைக்கு அப்பால் உள்ளதை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன் அம்மாவையும் பக்கத்துக் காட்டுப் பெண்களையும் திடலுக்கு அழைத்து வாருங்கள். ரகத்தின் பெயரைச் சொல்லாமல், எந்தப் பாத்தி பிடித்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். கதிர் அறுக்கக் கைக்கு எட்டுகிறதா, அடித்தால் மணி உதிர்கிறதா, உமி போகிறதா, சோறு மறுநாள் காலை வரை இளகாமல் இருக்கிறதா, தட்டையை மாடு மிச்சம் வைக்கிறதா என்பதையெல்லாம் தராசு சொல்லாது. மகசூலில் முதலாக வந்தும் இந்தக் காரணங்களால் ஊரில் நிலைக்காமல் போன ரகங்கள் நிறைய உண்டு.

தனியாளாக இருபது பாத்தியைப் பராமரிப்பது சிரமம் என்றால், உங்கள் காட்டில் முழுத் திடல் போட்டுவிட்டு, நாலைந்து பங்காளிகளிடம் ஆளுக்கு இரண்டு ரகமும் நாட்டுச் சோளமும் மட்டும் போடச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவியில் வளர்ந்த தாய்-சேய் திடல் முறை இது. ஒரே வருடத்தில் ஐந்து காட்டு மண்ணும் ஐந்து காட்டு மழையும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வேளாண் பல்கலைக்கழகமும் புது ரகத்தை வெளியிடும் முன் பல நிலையங்களில் போட்டுப் பார்த்துவிட்டு, விவசாயிகள் காட்டிலும் போட்டுப் பார்க்கிறது. அந்த அனுசரணை ஆராய்ச்சித் திடலுக்கு இடம் தருகிறேன் என்று நீங்களே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சோதனைத் திடலில் விளைந்ததை விதைக்கு வைக்காதீர்கள். சோளம் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும் என்றாலும், அடுத்தடுத்த பாத்தியில் இருந்தால் ஒரு பங்கு கலந்துவிடும். கம்பு முழுக்கவே கலந்துவிடும். பிடித்த ரகத்தில் பத்து இருபது கதிருக்குப் பூக்கும் முன்பே காகித உறை கட்டி அதை மட்டும் விதையாக எடுங்கள், அல்லது அடுத்த வருடம் தள்ளி ஒரு தனி இடத்தில் பெருக்குங்கள். வீரிய ஒட்டு ரகம் என்றால் எடுத்து வைத்துப் பயனில்லை, வருடா வருடம் வாங்க வேண்டும். ஒட்டு அல்லாத ரகத்தின் விதையைச் சேர்த்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் போட்டுப் பை கட்டாத வரை விற்கவும்கூட 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது.

1901-லிருந்து நடக்கும் நிலையம் கோவில்பட்டியில் இருக்கிறது, உங்களுக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஆடி முடிவதற்குள் போய், மானாவாரிச் சோள ரகங்களில் கால் கிலோ, அரை கிலோ சோதனைக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புரட்டாசியில் எல்லோரும் வந்து நிற்கும்போது கேட்டால் கிடைப்பது கஷ்டம். நாட்டுச் சோளத்துக்கு, போன வருடம் உங்கள் காட்டிலேயே விளைந்த விதையை இப்போதே பொறுக்கி வைத்துவிடுங்கள்.